குச்சவெளிச் சிரிப்பு

என்னுடைய மாமா ஜமால்தீன் லொறிக்குள் ஒரு மனிதர், வீட்டுக்குள் இன்னொரு மனிதர். லொறி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். 'பட்டா' என்று நாங்கள் சொல்லும் குட்டி வாகனம்தான். திருகோணமலை நகரத்தில் ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு கரையோர வீதியால் குச்சவெளிக்கு வருவார். தோணிக்காரர்களுக்கு ஐஸைக் கொடுத்துவிட்டு மீனை ஏற்றிக்கொண்டு திரும்புவார். வழி நெடுக வாய் ஓயாது. நிலாவெளியில் வீதியை மறித்துப் படுத்திருக்கும் மாட்டிடம்கூட சுகம் விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். அதே மனிதர் கிண்ணியாவில் தன் வீட்டுப் படலையைத் திறந்தால் வாயைப் பூட்டிச் சாவியை நபீஸா மாமியின் கையில் கொடுத்துவிடுவார்.

தன் வீடு என்று சொல்வதும் பிழை. அது மாமியின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு. மாமியின் தங்கச்சிமார் இருவரும் அதே வளவுக்குள் அடுத்தடுத்து வீடு கட்டி இருக்கிறார்கள். குடி, அதாவது வம்சம், எது என்று கேட்டாலும் பிள்ளைகளுக்குத் தாயின் குடிதான். மாமா குச்சவெளியில் பிறந்தவர். அவருடைய குடிதான் என் உம்மாவின் குடி, என்னுடைய குடியும் அதுதான். ஆனால் அவர் பெற்ற மகள்மார் அஸ்மியாவும் பஹ்மியாவும் மாமியின் குடி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குடியின் பேர் தெரியாது. ஆனாலும் யார் எந்தப் பக்கத்து ஆள் என்ற நினைப்பு மட்டும் யாருக்கும் மாறவில்லை. கலியாணமாகி முப்பத்தைந்து வருடம் கழிந்தும் அந்த வளவில் மாமா 'மாப்பிள்ளை'தான். கோழிக்கறியில் நல்ல துண்டு கிடைக்கும், கதையில் பங்கு கிடைக்காது.

என் உம்மா மாமாவின் தங்கச்சி. எனக்குப் பதினேழு வயதில் உம்மா மௌத்தானா. மார்பில் வந்த கட்டி. அதற்குச் சில வருடம் முந்தி உம்மாவின் மூத்த ராத்தாவையும் அதே நோய்தான் கொண்டு போனது. புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'வருத்தம்' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உம்மாவும் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் காட்டினா. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். யாரில் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உம்மாவை அடக்கிய பிறகு மாமா ஒரு நாள் ஐஸ் இறக்கின கையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இது எங்கட குடியில வார வருத்தம், ரபீக்கா. ராத்தாவக் கொண்டு போயிட்டுது, தங்கச்சியக் கொண்டு போயிட்டுது. உன்ன உடமாட்டன்."

சொன்னவர் சொன்னபடி செய்தார். வருடம் தவறாமல் என்னை லொறியின் முன் சீட்டில் ஏற்றித் திருகோணமலைக் கிளினிக்குக் கொண்டு போனார். முதல் வருடங்களில், இந்தப் பிள்ளைக்கு வயது காணாது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். மாமா வாசலை விட்டு அசையவில்லை. அவருடைய தொல்லை தாங்காமல்தான் என்னைப் பரிசோதித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பின்னால் மீன், முன்னால் நான். என் அபாயாவில் சூரை மீன் வாடை ஏறிவிடும். கிளினிக்கில் நான் உட்காரும் வாங்கில் எனக்கு இரண்டு பக்கமும் எப்போதும் தாராளமாக இடம் இருக்கும். மாமா வெளியே மர நிழலில் காத்திருப்பார். நான் வந்து "ஒண்டும் இல்லயாம்" என்றதும் பிளேன்டீ வாங்கித் தருவார். நான் கலியாணம் முடித்து, பாலர் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிய பிறகும் இது நிற்கவில்லை.

சொந்த மகள்மாரை அவர் ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பாசம் இல்லாமலா? அஸ்மியாவுக்குக் காய்ச்சல் என்றால் லொறியை நடுவழியில் திருப்பிக்கொண்டு ஓடுகிற மனிதர். கணக்கு அப்படி இருந்தது. வருத்தம் குடி வழியாக வரும், குடி தாய் வழியாக வரும், ஆகவே தன் பிள்ளைகள் தப்பினார்கள். மாமி அப்படித்தான் நினைத்தா, ஊரும் அப்படித்தான் நினைத்தது.

இத்தனைக்கும் இளையவள் பஹ்மியா என் உம்மாவை உரித்துப் படைத்தவள். அதிலும் அந்தச் சிரிப்பு! முதலில் தொண்டைக்குள் ஒரு விக்கல், பிறகு வெடித்துக்கொண்டு வரும். குசினியில் சிரித்தால் வீதியில் கேட்கும். என் உம்மாவும் இப்படியேதான் சிரிப்பா.

"குச்சவெளிச் சிரிப்பு சிரிக்காத புள்ள! கேக்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்று மாமி ஏசுவா. மாமிக்கு எங்கள் ஊர் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். மீன் வாடை ஒட்டிவிடும் என்று மகள்மாரை லொறியில் ஏறக்கூட விட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அஸ்மியாவுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. முப்பத்திரண்டு வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். நல்லவேளை, அவள் வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை. உடனே மாமியிடம் சொன்னாள். மாமியும் தங்கச்சிமாரும் சேர்ந்து அவளைக் கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டொக்டர் கௌசிகா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் வந்ததா என்று கேட்டிருக்கிறா.

"எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல, டொக்டர்," என்றா மாமி. தங்கச்சிமாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. குடும்பம் என்றால் அவர்களுக்கு அந்த வளவுதான். மாமா வழக்கம்போல வெளியே மர நிழலில் இருந்தார். மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சத்திரசிகிச்சை நடந்த அன்று நானும் போயிருந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல டொக்டர் கௌசிகா நடைக்கு வந்தா. மாமி அழுதுகொண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னா. சுவரோரம் நின்ற மாமாவை டொக்டர் அப்போதுதான் கண்டா.

"ஐயா, உங்களை எனக்குத் தெரியும். வருசா வருசம் இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறனீங்கள் எல்லோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டா.

"ஓம் டொக்டர். என்ட தங்கச்சிட மகள். தங்கச்சியும் ராத்தாவும் இந்த வருத்தத்தாலதான் மௌத்தானாங்க."

"அப்ப அஸ்மியா உங்களுக்கு என்ன முறை?"

"என்ட மகள்."

டொக்டர் வாங்கில் உட்கார்ந்து, மாமாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னா. மீன் வாடையை அவ பொருட்படுத்தவில்லை.

"ஐயா, எங்கட உடம்பில கோடிக்கணக்கான கலங்கள், உயிரணுக்கள் இருக்குது. ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் மெல்லிய நூல் மாதிரி ஒண்டு இருக்குது. அது ஒவ்வொரு நாளும் எங்கயாவது அறும். அறுந்ததைப் பார்த்துப் பொருத்திறதுக்கு ஒரு புரதம் இருக்குது. அது தன்ர வேலையைச் செய்தால் கலம் கெட்டுப் போகாது, கட்டியும் வராது. அந்தப் புரதத்தைச் செய்யிற பரம்பரை அலகு, அதாவது ஜீன், எல்லாருக்கும் ரெண்டு. ஒண்டு தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. சில குடும்பங்களில அதில ஒண்டு பிறக்கேக்கையே பழுது. மற்றது தனியச் சமாளிக்கும். கனகாலம் சமாளிக்கும். ஏதோ ஒரு கலத்தில அதுவும் பழுதாப் போனால், அந்தக் கலத்தில அறுந்ததைப் பொருத்த ஆள் இல்லை."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தோணியில தண்ணி இறைக்கிற ரெண்டு பேரில, ஒருத்தனுக்கு ஏறக்குள்ளயே கை ஏலாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அது ஆம்பிளயிட்டயும் இரிக்குமா?"

"இருக்கும் ஐயா. ஆம்பிளைகளுக்கு அதால மார்பில கட்டி வாறது குறைவு. அதால ஒருத்தரும் அவையளைப் பற்றி யோசிக்கிறேல்லை. ஆனால் மகளுக்கும் மகனுக்கும் அது போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம்."

மாமாவின் கை தொப்பியைக் கழற்றியது, மறுபடி போட்டது. மாமி எதையும் விளங்கிக்கொள்ளாமல் மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

அஸ்மியாவின் இரத்தம் சோதனைக்காகக் கொழும்புக்குப் போனது. பிறகு மாமாவின் இரத்தமும் என்னுடைய இரத்தமும் போயின. அந்தப் பழுதான பரம்பரை அலகு அஸ்மியாவிடம் இருந்தது. அதற்கு பி.ஆர்.சி.ஏ. இரண்டு என்று பேர். மாமாவிடமும் அதே பழுது, அதே இடத்தில். என்னிடம் இல்லை. உம்மா எனக்குத் தந்தது நல்லதைத்தான்.

இருபது வருடமாக மாமா லொறியில் ஏற்றிக்கொண்டு அலைந்த எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்த மகளுக்கு இருந்தது. எனக்கு அன்றைக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. பசியோடு இருந்த இன்னொருத்தியின் சோற்றை நான் இவ்வளவு காலமும் சாப்பிட்டு விட்டதுபோல இருந்தது. முடிவைக் கேட்டுத் திரும்பி வரும்போது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. நிலாவெளி மாடுகூடக் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. இறக்கக்கண்டிப் பாலம் கடந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பஹ்மியா இரிக்கா, ரபீக்கா."

அதுதான் என் பயமும். பஹ்மியாவுக்கு இருபத்தேழு வயது. அவளுக்கும் நிப்றாசுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. நிப்றாஸ் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குழாய் பொருத்தும் வேலை செய்கிற பிள்ளை. கிண்ணியாவில்தான் வீடு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமியின் வீட்டில் இந்தக் கதை எடுபட்டது. மாமா என்னையும் வரச் சொல்லியிருந்தார். மாமியின் தங்கச்சிமாரும் இருந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மருந்து ஏற்றித் தலைமயிர் கொட்டிய அஸ்மியா சால்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தாள். பஹ்மியாவையும் சோதிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

மாமி என் பேச்சை முடிக்க விடவில்லை.

"உங்கட குடி வேற, எங்கட குடி வேற, மகள். அஸ்மியாக்கு வந்தது அல்லாஹ்ட நாட்டம். இப்ப இவட ரத்தத்தையும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, அது ஊரெல்லாம் பரவி, நிப்றாஸ்ட உம்மாக்குப் போனா? கலியாணம் நிண்டு போனா ஆர் பொறுப்பு?"

"வருத்தம் வந்தா ஆர் பொறுப்பு, மாமி?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று ஏறிவிடும். தங்கச்சிமார் இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். மாமா வழக்கமான மூலையில் இருந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினியில் பஹ்மியா அஸ்மியாவின் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் என்ன குறும்பு செய்தானோ, விக்கல் கேட்டது. அதன் பின்னால் அந்த வெடிச் சிரிப்பு.

"எத்தின தரம் சொல்லியிரிக்கன், குச்சவெளிச் சிரிப்பு சிரிக்காத எண்டு!" மாமியின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது ஆர்ட சிரிப்பு எண்டு சொன்ன, நபீஸா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உரத்துக் கேட்டதை நான் அறியேன்.

"இருபத்தேழு வருசமா நீதான் சொல்லுற. மூக்கு குச்சவெளி, சிரிப்பு குச்சவெளி, பிடிவாதம் குச்சவெளி. அதெல்லாம் எப்படி வந்த? என்னாலதானே வந்த? சிரிப்பு வரக்குள்ள குடி பாத்து வரல்ல. வருத்தம் மட்டும் குடி பாத்தா வரும்?"

தங்கச்சிமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குசினிக் கதவடியில் பஹ்மியா சோற்றுக் கையோடு வந்து நின்றாள்.

"நான்தான் குடுத்த, நபீஸா. எனக்குத் தெரியாம குடுத்த. என்ட ராத்தாவையும் தங்கச்சியையும் தெரியாமத்தான் உட்டன். இப்ப தெரியும். தெரிஞ்சிக்கிட்டு இந்தப் புள்ளய உட ஏலாது."

சொல்லிவிட்டு மாமா அழுதார். மறைக்கவில்லை. பெண்கள் நடுவில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல அழுதார். நானும் அழுதேன். அஸ்மியா எழுந்து வந்து வாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமி அப்போதும் சம்மதிக்கவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் மாமா செய்த காரியம் எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லாதது. கலியாணக் கதை எல்லாம் பெண்களின் காரியம். மாப்பிள்ளை வீட்டில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மாமி தங்கச்சியை அனுப்புவா, தங்கச்சி சுற்றி வளைத்துச் சொல்லுவா, பாதி வழியில் அது வேறு கதையாகிவிடும். மாமா நேரே சீனன்குடாவுக்குப் போய், வேலை விட்டு வந்த நிப்றாசை வாசலில் மறித்து, லொறியில் ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். லொறிக்குள் ஏறினால்தான் அவருக்கு வாய் வருமே.

நிப்றாஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இரண்டே இரண்டு கேள்வி கேட்டாராம்.

"இரிக்கெண்டு தெரிஞ்சா செய்யிறதுக்கு ஏதும் வழி இரிக்கா, மாமா?"

"இரிக்கு மகன். வருசா வருசம் ஸ்கேன் பாத்தா, வந்தாலும் கடுகளவில புடிக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறா. புள்ள பெத்த பிறகு ஒப்பரேசன் செய்து வராமலே பாக்கவும் ஏலுமாம்."

"தெரியாம இருந்தா?"

"என்ட தங்கச்சி மாதிரித்தான்."

"அப்ப தெரிஞ்சிக்கிட்டே முடிப்பம். உம்மாட்ட நான் கதைக்கிறன்."

அவருடைய உம்மா உடனே இளகிவிடவில்லை. அங்கே சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா என்று கேள்வி. மகன் மசியவில்லை.

இரத்தம் கொடுக்க வேண்டிய நாளில், மாமா ஐஸ் ஏற்றப் புறப்படும்போது பஹ்மியா லொறியடியில் வந்து நின்றாள்.

"வாப்பா, நானும் குச்சவெளிக்கு வந்து மச்சியையும் ஏத்திக்கிட்டு கிளினிக்குப் போவம்." மச்சி என்றது என்னை.

மாமி படலைவரைக்கும் வந்தா. மீன் வாடை ஒட்டும் என்று சொல்லப் போகிறா என்று மாமா பயந்தாராம். மாமி தன் சால்வையைக் கழற்றி முன் சீட்டில் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டா.

எங்கள் வீட்டு முன் லொறி வந்து நின்றபோது என் சீட்டில் பஹ்மியா இருந்தாள். நான் கதவைத் திறந்தேன். அவள் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள். இருபது வருடம் நான் தனியாக இருந்து போன சீட் அது. இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு இருந்து பார்த்தபோதுதான், அதில் எப்போதும் இன்னொருத்திக்கும் இடம் இருந்திருக்கிறது என்று விளங்கியது. மாமாவும் அதைத்தான் நினைத்திருப்பார், லொறியின் முன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பொழுதைப் போக்கினார்.

பஹ்மியாவுக்கும் அந்தப் பழுது இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அன்றைக்கு எல்லோரும் உடைந்து போனோம். ஆனால் அதற்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கடுகளவும் இல்லை. "இனி வருசா வருசம் இஞ்ச வரவேணும், ஒழுங்கா," என்று டொக்டர் கௌசிகா சொன்னா. பிறகு மாமாவைப் பார்த்து, "ஐயா, நீங்களும்தான்," என்றா. இத்தனை வருடம் பெண்களைக் கொண்டுவந்து வெளியே காத்திருந்த மனிதரை முதன்முறையாக உள்ளே கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். வெளியே வந்தபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நானும் பஹ்மியாவும் சிரித்த சிரிப்பில் ஒரு தாதி வந்து அதட்டினா.

பஹ்மியாவின் கலியாணம் சென்ற மாதம் மாமியின் வளவில் நடந்தது. அஸ்மியாவின் தலைமயிர் குட்டையாக, சுருட்டையாக வளர்ந்திருந்தது. அவள்தான் ஓடியாடி எல்லோரையும் வேலை வாங்கினாள். நிப்றாஸ் மணப்பெண்ணுக்குத் தங்க மாலையைப் போட வந்தார். சீனன்குடாவில் ஆள் உயரக் குழாய்களைப் பொருத்துகிற கைக்கு, அந்த மாலையின் சின்னக் கொக்கி பிடிபடவில்லை. வியர்த்து வழிந்தது. இரண்டாம் தரமும் தவறியது. பஹ்மியா தலை குனிந்து, உதட்டைக் கடித்து, எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். எனக்குத் தெரியும், முதலில் விக்கல் வரும்.

விக்கல் வந்தது. பிறகு வீடே அதிர்ந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திகைத்துப் போனார்கள். நிப்றாசின் உம்மா மாமியின் பக்கம் திரும்பினா.

"என்ன இது, மணப்பொண்ணு இப்படிச் சிரிக்கிற? ஆர்ட பழக்கம் இது?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றா.

"அது வாப்பாட பக்கம். குச்சவெளி ஆக்கள் எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. ரபீக்காட உம்மா, என்ட மதினி இரிந்தா, அவட சிரிப்பு இதவிடப் பெரிசு. இரிந்திருந்தா கேட்டிருப்பீங்க."

என் உம்மாவைப் பற்றி அந்த வளவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். யன்னலால் பார்த்தால் ஆண்கள் பந்தலில் மாமா தெரிந்தார். ஒரு கையில் சோற்றுச் சஹன் தட்டு, மறுகையை ஆட்டி ஆட்டி, பக்கத்தில் நின்ற யாரிடமோ வாய் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.